தறி இல்லாத நெசவாளி! எட்டுக்கால் பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு விலையைக் கேட்பார்கள். தறியில் உட்கார்ந்து பழகியவர் அப்படிச் செய்வதில்லை. புடவையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பிடிப்பார். பின்பக்கத்தைப் பார்ப்பார்.

உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை சரியாக விழுந்திருக்கிறதா? சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா? ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினால் முடி கருகும் வாடை வருகிறதா? இவ்வளவும் பார்த்த பிறகுதான், "இது அசல் பட்டு" என்று சொல்லுவார்.

அதே காஞ்சிபுரத்தில் இன்னொரு நெசவாளியும் உண்டு. அதற்குத் தறி கிடையாது. நாடா கிடையாது. கூலி கிடையாது. வேலிச் செடியிலும், நந்தவனத்திலும், வீட்டு இறவாணத்திலும் அது நெய்கிறது. நூலையும் அதுவே உண்டாக்குகிறது. நெய்வதும் அதுவே.

அதுதான் சிலந்தி!

"எட்டுக்கால் பூச்சி" என்று எல்லாச் சிலந்திக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி வகைகள் எத்தனை தெரியுமா? 50 ஆயிரத்துக்கும் மேல்! 2022-ம் ஆண்டில் அந்தக் கணக்கு 50 ஆயிரத்தைத் தாண்டியது. அவற்றில் வட்ட வலை பின்னும் பெருங்குடும்பத்தில் மட்டும் 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இத்தனை வகைகளில், உங்கள் வீட்டு வேலியில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டுப் புடவையைச் சோதிப்பது போலத்தான். திருப்பிப் பார்க்க வேண்டும்!

பூச்சியே அல்ல

முதலில் ஒரு விஷயம். எட்டுக்கால் பூச்சி என்று சொன்னாலும், சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அல்ல.

பூச்சி என்றால் ஆறு கால் இருக்க வேண்டும். தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டும். உடல், தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகமாக இருக்க வேண்டும். பட்டுப் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாக மாறும்போது இவை எல்லாம் அதற்கு இருக்கும். ஆகவே அது பூச்சி.

சிலந்திக்கு எட்டுக் கால். உணர்கொம்பு இல்லை. இறக்கை இல்லை. உடலில் இரண்டே பாகம். தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்தது முன்பாகம். வயிறு பின்பாகம். தேளும் உண்ணியும் இதற்குச் சொந்தக்காரர்கள்!

நூலிலும் வேற்றுமை உண்டு. பட்டுப்புழு வாயிலிருந்து நூல் விடுகிறது. வாழ்க்கையில் ஒரு தடவைதான் கூடு கட்டுகிறது. அந்த நூலைச் சுற்றிப் பசை இருக்கும். பசையை நீக்கிய பிறகுதான் பட்டு பளபளக்கும். சிலந்தியோ வயிற்றின் பின்நுனியிலிருந்து நூல் விடுகிறது. வாழ்நாள் முழுவதும் விடுகிறது. வட்ட வலை பின்னும் பெண் சிலந்தியின் உடலில் ஏழு வகை நூல் சுரப்பிகள் உண்டு. தொங்குவதற்கு ஒரு நூல். வலைக்கு ஒரு நூல். இரையைச் சுற்றிக் கட்ட ஒரு நூல். முட்டையைப் பொதிய ஒரு நூல். பசைக்குத் தனிச் சுரப்பி!

பாவும் ஊடையும்

வட்ட வலையை எப்படிப் பின்னுகிறது?

சிலந்தி உயரமான ஒரு கிளையில் உட்கார்ந்து ஒரே ஓர் இழையைக் காற்றில் விடும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே உள்ள கிளையில் ஒட்ட வைக்கும். இதுதான் பாலம். அதன் மேல் நடந்து போய் அதைப் பலப்படுத்தும். பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி இன்னோர் இழையைக் கட்டும். அதன் பிறகு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல, நடுவிலிருந்து நாலா பக்கமும் இழைகளை இழுத்துக் கட்டும். இது பாவு!

அடுத்தது ஊடை. முதலில் நடுவிலிருந்து வெளியே, அகல அகலமாக ஒரு சுற்று நூல் போடும். இதில் பசை கிடையாது. கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி, நடந்து வேலை செய்வதற்கு மட்டும்தான் இது. பிறகு வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். அப்போது பசையுள்ள நூலை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே, பழைய சாரத்தைப் பிரித்துக்கொண்டே வரும்.

அநேக சிலந்திகளுக்கு இத்தனை வேலைக்கும் ஒரு மணி நேரம் போதும்! வலை பழையதானால் வீணாக்குவதில்லை. அதைத் தின்றுவிட்டு, அந்தச் சத்திலிருந்தே புது நூல் உண்டாக்கும்.

இந்த நெசவில் இன்னொரு வேடிக்கை. வளர்ந்த ஆண் சிலந்தி வலை பின்னுவதில்லை. பெண் தேடிச் சுற்றுவதுதான் அதன் வேலை. ஆகவே வட்ட வலையின் நடுவில் பெரிதாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அது பெரும்பாலும் பெண்தான்.

வீட்டுக்குள் மூலை முடுக்கில் தொங்கும் ஒட்டடை இந்த வகை அல்ல. அது வேறு குடும்பத்துச் சிலந்திகளின் வேலை. வட்ட வலைக்காரி அநேகமாக வெளியில்தான் இருப்பாள்.

துப்பறியும் வேலை

சிலந்தியின் பெயரைக் கண்டுபிடிப்பது போலீஸ் துப்பறிவது போன்றது. ஒரு தடயம் போதாது. பல தடயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதல் தடயம் வலை. அது நட்டமாக நிற்கிறதா, படுக்கை வாட்டமாக இருக்கிறதா? நடுவில் ஓட்டை இருக்கிறதா? வெள்ளைக் கோலம் ஏதாவது போட்டிருக்கிறதா?

இரண்டாவது, சிலந்தி உட்காரும் விதம். தலைகீழாகவா? கால்களைப் பரப்பியா, சேர்த்தா? வலையின் நடுவிலா, பக்கத்து இலைக்குள் ஒளிந்தா?

மூன்றாவது, கண். வட்ட வலைச் சிலந்திக்கு எட்டுக் கண்கள், இரண்டு வரிசையில் இருக்கும். எந்தக் கண் பெரிது, எந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம்.

நான்காவது, கால் நுனி. வலையில் நடக்கும் இந்தச் சிலந்திக்குக் காலின் முனையில் மூன்று நகங்கள் உண்டு. வலை பின்னாமல் ஓடித் திரியும் பல சிலந்திகளுக்கு இரண்டே நகங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. சிலந்தியை மல்லாக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும்! பெண் சிலந்தியின் வயிற்றின் அடியில் இனப்பெருக்க உறுப்பைச் சுற்றிக் கெட்டியான ஒரு சிறு தகடு இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் அதன் அமைப்பு வேறு. ஆணுக்கு, முகத்தருகே உள்ள இரண்டு சிறு உணர்கால்களின் நுனியில் அடையாளம் இருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல இவை அமைந்திருக்கின்றன.

நிறம் ஏமாற்றிவிடும். ஒரே வகையில் மஞ்சளும் இருக்கும், கறுப்பும் இருக்கும். அடித்தகடு அப்படி ஏமாற்றாது. ஆனால் அது வளர்ந்த சிலந்தியில்தான் முழுமையாகத் தெரியும். ஆகவே குட்டிச் சிலந்தியைக் கொண்டு வந்து காட்டினால் பெரிய நிபுணர்கூடப் பல சமயம், "வளரட்டும், பார்க்கலாம்" என்றுதான் சொல்லுவார்!

கையெழுத்துப் போடும் சிலந்தி

தென்னாட்டுத் தோட்டங்களில் கவனித்துப் பார்த்தால் எளிதில் அகப்படக்கூடிய சில வகைகள் உண்டு.

வலையின் நடுவில் தலைகீழாக உட்கார்ந்து, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போல வைத்திருக்கும் ஒரு சிலந்தி. அதன் கால்களுக்கு நேராக வலையில் வெள்ளை நூலால் வளைந்து வளைந்து கோலம் போட்டிருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டது மாதிரி! அதனால் இதைக் கையெழுத்துச் சிலந்தி என்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் ஆர்ஜியோப் அனசூஜா. ஸ்வீடன் தேசத்து அறிஞர் தோரெல் 1887-ம் ஆண்டில் இதற்குப் பெயர் வைத்தார்.

இந்தக் கையெழுத்து எதற்காக? பறவை வலையில் மோதாமல் இருக்க என்கிறார் ஒருவர். பூச்சிகளை மயக்கி இழுக்க என்கிறார் இன்னொருவர். எதிரியிடமிருந்து மறைந்துகொள்ள என்கிறார் மூன்றாமவர். வழக்கு இன்னும் முடியவில்லை!

இரண்டாவது, முள் சிலந்தி. சின்ன நண்டு போல இருக்கும். முதுகு கெட்டியாக, பட்டை பட்டையாக இருக்கும். ஓரத்தில் ஆறு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பறவைகள் விழுங்கத் தயங்கும். இதன் பெயர் காஸ்டராகாந்தா ஜெமினாட்டா.

மூன்றாவது, கூடாரச் சிலந்தி. இதன் வலை படுக்கையாக, நடுவில் தூக்கிக் கட்டிய கூடாரத் துணி போல இருக்கும். வட்ட வலைக் குடும்பத்தில் பிறந்தும் இது வலையில் பசை வைப்பதில்லை! மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நூலில் பூச்சி மோதித் துணியில் விழும். கீழே காத்திருக்கும் சிலந்தி பாய்ந்து பிடிக்கும். பெயர் சைர்டோஃபோரா சிகாட்ரோசா.

நான்காவது, ராட்சசச் சிலந்தி. நெஃபிலா பிலிபெஸ் என்று பெயர். பெண்ணின் உடல் மட்டும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளரும். கால்களையும் சேர்த்தால் பெரியவர் உள்ளங்கையை மூடும். வலை மூன்று அடிக்கு மேல் அகலமாக இருக்கும். வெயில் பட்டால் தங்கச் சரிகை போல் மின்னும்! ஆண் கால் அங்குலம்கூட இருக்காது. இரண்டையும் அருகருகே பார்ப்பவர்கள் தாயும் பிள்ளையும் என்றுதான் நினைப்பார்கள்.

இவற்றை எல்லாம் ஓரளவு கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். சொல்ல முடியாதவையும் உண்டு. பொழுது சாய்ந்ததும் இறவாணத்தில் வலை பின்னி, விடிவதற்குள் சுருட்டிக்கொள்ளும் பழுப்புச் சிலந்திகள் பல. நியோஸ்கோனா இனத்தைச் சேர்ந்த அவை அக்கா தங்கை போல ஒரே சாயலில் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அவற்றுக்குப் பெயர் சொன்னால், அது வெறும் ஊகம்தான்.

பெயர் வைத்தவர்கள்

உயிர்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். முதல் சொல் இனத்தின் பெயர். இரண்டாவது சொல் அந்த வகையின் சொந்தப் பெயர். விலங்குகளின் பெயர்க் கணக்கு அவருடைய 1758-ம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது.

சிலந்திக்கு மட்டும் ஒரு சலுகை! கிளார்க் என்ற இன்னொரு ஸ்வீடன்காரர் 1757-ம் ஆண்டிலேயே சிலந்திகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அது அவ்வளவு சிறப்பாக இருந்ததால், அதில் உள்ள பெயர்களும் செல்லும் என்று விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்டது.

லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ். டென்மார்க் தேசத்தவர். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கிருந்து அவர்கள் அனுப்பிய பூச்சிகள் பல அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ராட்சசச் சிலந்திக்கு 1793-ம் ஆண்டிலும், முள் சிலந்திக்கு 1798-ம் ஆண்டிலும் பெயர் வைத்தவர் இவர்தான்.

கூடாரச் சிலந்திக்குப் பெயர் வைத்தவர் ஸ்டோலிச்கா. இவர் சிலந்தி நிபுணர் அல்ல. கல்கத்தாவில் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் வேலை பார்த்தவர்! அரியலூர்ப் பக்கத்தில் கிடைத்த கல்லாகிப்போன சங்குகளையும் நத்தைகளையும் ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதியவர். அதற்கு நடுவே 1869-ம் ஆண்டில் இந்தியச் சிலந்திகளையும் கவனித்து எழுதினார். 1874-ம் ஆண்டில், மத்திய ஆசியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில், லடாக் மலைப் பாதையில் இறந்துபோனார்.

1900-ம் ஆண்டில் லண்டனில் போகாக் என்பவர் இந்தியச் சிலந்திகளையும் தேள்களையும் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். சென்னை எழும்பூர் பொருட்காட்சி சாலையின் தலைவராக 1920 முதல் 1940 வரை இருந்த கிரேவ்லி சிலந்தி ஆராய்ச்சியில் பேர் போனவர். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலையை இந்தியர்களே எடுத்துக்கொண்டார்கள். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் டிக்கேதர், இந்தியாவின் வட்ட வலைச் சிலந்திகளைப் பற்றி 1982-ம் ஆண்டில் வெளியிட்ட நூலை இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள்.

தொப்பிச் சிலந்தி

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டதா? இல்லை!

கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு சின்னச் சிலந்தி அகப்பட்டது. உடல் 7 மில்லி மீட்டர் நீளம். நெல்மணி அளவுதான்! நிறம் சருகு மாதிரி. வயிறு கூம்பாக வளைந்து நுனியில் வாலாக முடிந்தது. பகலில் சருகோடு சருகாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஜாவேத் அகமது, ராஜஸ்ரீ கலாப், சுமுகா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்தார்கள். எரியோவிக்ஸியா இனம் என்று தெரிந்தது. ஆனால் எந்த வகை?

அந்த இனத்தில் ஏற்கெனவே பெயர் வைத்த வகைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கண், கால், வால், அடித்தகடு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். படம் வரைய வேண்டும். ஒன்றோடும் பொருந்தவில்லை என்றால்தான் புதுப் பெயர். பெயர் வைத்த உடலை மதுசாரத்தில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அதுதான் சாட்சி!

2016-ம் ஆண்டில் அது புது வகை என்று வெளியிட்டார்கள். என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? எரியோவிக்ஸியா கிரிஃபிண்டோரி!

ஹாரி பாட்டர் கதையைப் படித்த பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். அதில் ஒரு மந்திரத் தொப்பி வரும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று அது பிரித்துச் சொல்லும். தொப்பியின் முதல் சொந்தக்காரர் பெயர் கிரிஃபிண்டோர். சிலந்தியின் உருவம் அந்தத் தொப்பியை உரித்து வைத்தது போல இருந்தது. வகை பிரிக்கிற தொப்பியின் பெயரை, வகை பிரிப்பவர்களே ஒரு சிலந்திக்கு வைத்துவிட்டார்கள்!

குடும்பத் தகராறு

வைத்த பெயரும் நிலைப்பதில்லை. ராட்சசச் சிலந்தியைப் பழைய புத்தகங்களில் தேடினால் நெஃபிலா மாகுலாட்டா என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. ஒரே சிலந்திக்கு இரண்டு பெயர் புழங்கியது. பிறகு விதிப்படி ஆராய்ந்து, பிலிபெஸ் என்பதே செல்லும் என்று முடிவு செய்தார்கள்.

அதன் குடும்பத்திலும் தகராறு. அது வட்ட வலைச் சிலந்திகளின் பெருங்குடும்பத்தில் சேர்ந்ததா, தனிக் குடும்பமா? 2006-ம் ஆண்டில் தனிக்குடித்தனம் வைத்தார்கள். 2017-ம் ஆண்டில் மரபணுவைச் சோதித்த ஒரு குழு, மறுபடியும் பெருங்குடும்பத்தில் சேர்த்தது. 2019-ம் ஆண்டில் இன்னொரு குழு, தனிக் குடும்பம்தான் என்று வாதாடியது! அந்த ஆராய்ச்சியில் நெஃபிலா இனத்திலிருந்த பல சிலந்திகளைப் பிரித்து, டிரைக்கோநெஃபிலா என்ற இனத்தில் வைத்தார்கள்.

பாகப்பிரிவினை மனிதர் வீட்டில் மட்டும்தான் என்று யார் சொன்னது?

சிலந்திப் பட்டில் புடவை நெய்யலாமா?

பட்டு ஊரில் இந்தக் கேள்வி எழாமல் இருக்குமா?

முயன்று பார்த்தவர்கள் உண்டு. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு தேசத்தில் போன் என்பவர் சிலந்தி நூலில் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். விஞ்ஞானி ரேமூரை ஆராயச் சொன்னார்கள். அவர் கையை விரித்துவிட்டார். காரணம்? பட்டுப்புழுவை ஆயிரக்கணக்கில் ஒரே தட்டில் வளர்க்கலாம். சிலந்திகளை அப்படி ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்!

இருந்தாலும் 2009-ம் ஆண்டில் ஒரு துணி வெளிவந்தது. மடகாஸ்கர் தீவில் சைமன் பீர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்ற இருவர் நெய்வித்தது. ராட்சசச் சிலந்திக்கு நெருங்கிய உறவான தங்க வலைச் சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்து எடுத்துக்கொண்டு, உயிரோடு விட்டார்கள். தேவைப்பட்ட சிலந்திகள் 10 லட்சத்துக்கும் மேல்! சிலந்தி பிடிக்க மட்டும் 70 பேர். நான்கு ஆண்டு வேலை. 96 சிலந்தி இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் நெய்வதற்கு ஏற்ற ஒரு நூல். கிடைத்தது 11 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள ஒரே துணி! சாயமே போடவில்லை. நூலின் இயற்கை நிறமே தங்க மஞ்சள். நியூயார்க் பொருட்காட்சி சாலையில் வைத்தபோது ஜனங்கள் திரண்டு பார்த்தார்கள்.

காஞ்சிபுரத்துப் புடவை ஒன்றின் நீளத்துக்கு அந்தத் துணி பாதி சொச்சம்தான் வரும். ஆகவே காஞ்சி நெசவாளர்கள் சிலந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர்களுக்குப் போட்டி வேறு இடத்திலிருந்து வருகிறது. விசைத்தறியில் நெய்த போலிப் பட்டுதான் அது. அதனால்தான் காஞ்சிபுரம் பட்டு 2005-06-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அசலுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும்.

பெயரால் வந்த பழி

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலந்தியே உதாரணம்.

உடம்பில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கும் தமிழில் சிலந்தி என்று பெயர். காலில் புண்ணாக்கி வெளியே வரும் ஒரு நீளப் புழுவை நரம்புச் சிலந்தி என்றார்கள். இரண்டுக்கும் எட்டுக்கால் சிலந்திக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நரம்புச் சிலந்தி அசுத்தமான குளத்து நீரைக் குடிப்பதால் வந்தது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அக்கி வந்தால், "சிலந்தி மேலே ஓடியிருக்கும்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. அக்கி, சின்னம்மையை உண்டாக்கும் அதே கிருமியால் வருவது. டாக்டரிடம் சீக்கிரம் காட்டினால் வேதனை குறையும். சிலந்தியைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினால் நோயாளிக்குத்தான் கஷ்டம்.

வட்ட வலைச் சிலந்திக்கு விஷம் இல்லையா? உண்டு. அது ஈயையும் கொசுவையும் மயக்குவதற்கு. இந்தச் சிலந்திகள் மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். கடித்தாலும் சாதாரணமாகச் சிறிது எரிச்சலும் வீக்கமும் ஏற்பட்டுத் தணிந்துவிடும்.

வயலில் இருக்கும் காவல்காரன்

பெயர் தெரியாததால் வந்த பெரிய நஷ்டம் வயலில் நடந்தது.

காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் ஏரிப் பாசனம். நெல் வயல். நெல்லுக்குப் பெரிய எதிரி புகையான். தூரடியில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். பயிர் தீய்ந்தது போல வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும்.

புகையானுக்கு எதிரி சிலந்தி. நெல் தாள்களுக்கு நடுவே வட்ட வலை கட்டும் நீள்தாடைச் சிலந்தியும், தூரடியில் ஓடித் திரிந்து வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும் அவற்றைப் பிடித்துத் தின்னும்.

இது தெரியாமல் மருந்து அடித்தால் என்ன ஆகும்? புகையானும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால் புகையானின் முட்டை தாளுக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். சில நாளில் அது பொரிக்கும். அப்போது அதைத் தின்ன வயலில் யாரும் இருக்கமாட்டார்கள்! முன்னைவிட அதிகமாகப் பெருகும். மறுபடியும் மருந்து. மறுபடியும் புகையான். செலவுதான் மிச்சம்.

இந்தோனேசியாவில் இப்படித்தான் நடந்தது. லட்சக்கணக்கான ஏக்கர் நெல் பாழானது. கடைசியில் 1986-ம் ஆண்டில் அந்த நாட்டு அரசாங்கம், நெல்லுக்கு அடிக்கும் 57 வகை மருந்துகளுக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. எது பகை, எது துணை என்று பிரித்தறிய விவசாயிகளுக்கு வயலிலேயே வகுப்பு நடத்தினார்கள். அந்த முறை பிறகு பல தேசங்களுக்குப் பரவியது.

பூச்சி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கினால் எல்லாவற்றையும் கொல்லத்தான் தோன்றும். தனித்தனிப் பெயர் தெரிந்தால்தான் காப்பாற்றத் தோன்றும்.

ஆனைக்காவில் நடந்தது

இந்த உண்மையைத் திருவானைக்கா ஸ்தல புராணமும் ஒரு விதத்தில் சொல்லுகிறது.

வெண்நாவல் மரத்தடியில் சிவலிங்கம். அதன் மேல் சருகு விழாமல் இருக்க, ஒரு சிலந்தி வலை பின்னிப் பந்தல் போட்டது. பூஜை செய்ய வந்த யானை அதைப் பார்த்தது. சிலந்திக்கு அது பந்தல். யானைக்கு அது அசுத்தம்! யானை வலையை அழித்தது. சிலந்தி மறுபடி பின்னியது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மடிந்தன. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, சிவனுக்குப் பல கோயில்கள் கட்டியது என்பது வரலாறு. அறுபத்து மூன்று நாயன்மார்களில் அவரும் ஒருவர்.

இரண்டுமே பக்தி உள்ளவைதான். ஒன்றின் வேலை என்ன என்று மற்றதற்குத் தெரியவில்லை. அதனால் வந்த சண்டை!

நீங்களும் பார்க்கலாம்

சிலந்தியின் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளும் தொடங்கலாம். பெரிய செலவு இல்லை.

விடியற்காலையில் போக வேண்டும். பனித்துளி நிற்கும்போது வலை நன்றாகத் தெரியும். மழைக் காலத்திலும் அதற்குப் பிறகும் சிலந்திகள் அதிகம்.

வலையைத் தொடக் கூடாது. முதலில் வலையை முழுதாகப் படம் எடுக்க வேண்டும். பிறகு சிலந்தியின் முதுகுப் பக்கம். பிறகு, வலைக்கு மறுபுறம் போய் வயிற்றுப் பக்கம். கிட்டத்தில் ஒரு காசைப் பிடித்து எடுத்தால் அளவு தெரியும். தேதி, இடம், செடியின் பெயர் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். தேதியும் இடமும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதம் போலத்தான்.

அதே சிலந்தியை மறுநாளும் போய்ப் பார்க்கலாம். வலை எத்தனை மணிக்குப் பின்னுகிறது, எத்தனை சுற்றுப் போடுகிறது, எந்தப் பூச்சியைப் பிடிக்கிறது என்று எழுதி வரலாம். ஒரு மாதம் எழுதினால் பள்ளிக்கூடத்து ஆசிரியரே ஆச்சரியப்படுவார்!

ஒட்டடைக் கம்பு வீட்டுக்குள் இருக்கட்டும். வேலியில் உள்ள வட்ட வலையை அது தொட வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நெய்த துணியை ஒரு நொடியில் கிழிப்பது எந்த ஊரிலும் நியாயம் ஆகாது. காஞ்சிபுரத்தில் சொல்லவே வேண்டியதில்லை.